வால்வு ஆம்பைக் கடையில் வாசித்துப் பார்ப்பது

லண்டனின் மேற்குப் புறமான ஹான்வெல்லில், அக்ஸ்பிரிட்ஜ் சாலை 76ஆம் எண் கட்டடத்தில் 1960இல் ஜிம் மார்ஷல் ஓர் இசைக்கருவிக் கடை தொடங்கினார். அவர் டிரம்ஸ் வாசிப்பவர், அதைக் கற்றுக்கொடுத்துச் சம்பாதித்தவர். கடையிலும் முதலில் டிரம்ஸ்தான் இருந்தது. மாணவர்களோடு அவர்களுடைய குழுக்களின் கிதார்காரர்களும் வந்துபோனார்கள். பீட் டவுன்ஷெண்ட், ரிச்சி பிளாக்மோர் போன்ற, அப்போது பெரிய பெயர் எடுத்திராத இளைஞர்கள். கிதாரும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கி வைக்கச் சொன்னவர்கள் அவர்களே. கொஞ்ச நாளில் இன்னொன்றும் கேட்டார்கள்: அமெரிக்காவின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப் போல ஒன்று வேண்டும், ஆனால் இன்னும் கரடுமுரடாக ஒலிக்க வேண்டும், இறக்குமதிப் பொருளின் விலை இருக்கக் கூடாது. கடையில் பழுதுபார்க்கும் வேலையிலிருந்த கென் பிரானும், இ.எம்.ஐ. நிறுவனத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த இளைஞர் டட்லி கிரேவனும் பாஸ்மேனின் சுற்றைப் பார்த்துக் கட்டத் தொடங்கினார்கள். ஐந்து மாதிரிகள் கழிந்து ஆறாவதுதான் தேறியது என்று மார்ஷல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1962இல் வந்த அந்த ஆம்பின் பெயர் ஜே.டி.எம்.45.

பாஸ்மேனுக்கும் அதற்கும் காகிதத்தில் வேறுபாடு சொற்பம். பாஸ்மேனின் முதல் வால்வு 12ஏ.ஒய்.7, அதன் பெருக்கத் திறன் 44. மார்ஷல் அந்த இடத்தில் ஈ.சி.சி.83ஐப் போட்டார், அதன் திறன் 100. பாஸ்மேனில் பின்புறம் திறந்த பெட்டிக்குள் 10 அங்குல ஜென்சன் ஸ்பீக்கர்கள் நான்கு. மார்ஷலில் முழுவதும் மூடிய பெட்டிக்குள் 12 அங்குல செலஸ்டியன்கள் நான்கு. டிரான்ஸ்ஃபார்மரும் உதிரிகளும் பிரிட்டனில் கிடைத்தவை. இத்தனை சிறிய மாற்றங்களில் எது போதும், எது கூடாது என்று தீர்மானித்தது அளவுமானி அல்ல, கடைக்கு வந்துபோன வாடிக்கையாளர்களின் காது. உலகம் முழுவதும் ராக் இசையின் ஒலியாக அறியப்படும் ஒன்று ஒரு கடைச் சோதனையில் பிறந்தது.

இன்று ஒருவர் கடைக்குள் நுழைந்து, சுவரில் தொங்கும் கிதாரை எடுத்து, வால்வு ஆம்ப் ஒன்றில் செருகி அரைமணி நேரம் வாசித்தால் அவருக்கு என்ன தெரியவரும்? இதில் மூன்று தரப்புகள் உண்டு. கேட்டுப் பார்க்காமல் ஆம்ப் வாங்குவது மடத்தனம் என்பவர்கள் ஒரு பக்கம். கடையில் கேட்பது எதையும் நம்ப முடியாது, வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் இன்னொரு பக்கம். வால்வே பழங்கதை, டிஜிட்டல் கருவி போதும், எனவே இந்தக் கேள்விக்கே இடமில்லை என்பவர்கள் மூன்றாவது. மூவரிடமும் பாதி உண்மை இருக்கிறது. கடைச் சோதனை ஒலியைப் பற்றி மிகக் குறைவாகவும், கைக்கும் ஆம்புக்கும் உள்ள உறவைப் பற்றி நிறையவும் சொல்கிறது என்பது என் முடிவு. பலர் கடைக்குப் போய் முதலாவதைத் தேடுகிறார்கள், இரண்டாவதைக் கவனிக்காமல் திரும்புகிறார்கள்.

ஏன் என்று பார்க்க ஆம்பின் உள்ளே கொஞ்சம் போக வேண்டும். வால்வு ரேடியோ இருந்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்குப் பாதி தெரிந்த கதைதான். கண்ணாடிக் குழாய்க்குள் ஓர் இழை சூடாகிறது, எலெக்ட்ரான்கள் வெளியேறுகின்றன, நடுவிலுள்ள கம்பி வலை அவற்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. லீ டி ஃபாரஸ்ட் 1906இல் அந்த வலையைச் சேர்த்தபோதுதான் மின்குறியைப் பெருக்குவதற்கான வழி பிறந்தது. கிதாரின் பிக்கப்பிலிருந்து வருவது வோல்ட்டின் ஒரு சிறு பகுதி. சிறிய வால்வுகள் அதைப் படிப்படியாக உயர்த்துகின்றன, ட்ரெபிள், மிட், பாஸ் திருகிகள் அதன் நிறத்தை மாற்றுகின்றன, பெரிய வால்வுகள் அதற்கு வலுவூட்டுகின்றன, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் அதை ஸ்பீக்கருக்கு ஏற்றதாக ஆக்கித் தருகிறது.

ரேடியோ கட்டியவர்கள் இந்தப் பாதை முழுவதிலும் ஒலி சிதையாமல் பார்த்துக்கொள்ளப் பாடுபட்டார்கள். கிதார்காரர்களோ சிதைவைத் தேடிப் போனார்கள். வால்வை அதன் எல்லைக்கு மேல் தள்ளினால் அலையின் முகடு சட்டென்று வெட்டுப்படாமல் மழுங்கத் தொடங்கும். புதிய மேற்சுரங்கள் சேரும். சிறிய வால்வு மழுங்குவது ஒருவிதம், பெரிய வால்வு மழுங்குவது இன்னொரு விதம், டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு நிறைவுறுவது மற்றொரு விதம். மின்சாரத்தை நேர்மின்னாக மாற்றுவதற்கு ஜி.இசட்.34 போன்ற ரெக்டிஃபையர் வால்வு இருந்தால், பலமாக ஒரு கார்டை அடிக்கும்போது உள்ளழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து மெல்ல மீளும். அடித்த ஒலி முதலில் அமுங்கி, பின்னால் மலர்வதுபோலக் கேட்கும். சிலிக்கன் டையோடு போட்ட ஆம்பில் இந்தத் தாழ்ச்சி குறைவு, பதில் உடனடியாக வரும். இவற்றோடு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பும் தன் எல்லைக்கு அருகில் நெளியத் தொடங்கும்.

இதையெல்லாம் ஒருசேரக் கேட்க விரும்புபவர் ஜான் மேயாலின் குழுவோடு எரிக் கிளாப்டன் 1966இல் வெளியிட்ட ஆல்பத்தைக் கேட்கலாம். லெஸ் பால் கிதார், 12 அங்குல ஸ்பீக்கர் இரண்டும் ஆம்பும் ஒரே பெட்டிக்குள் உள்ள மார்ஷல் காம்போ. டெக்கா ஸ்டூடியோவில் ஒலியளவைக் குறைக்கச் சொன்னபோது கிளாப்டன் மறுத்துவிட்டார். அவருடைய பிடிவாதத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தது. அதுவரை ஒலிப்பதிவுக்கூடங்களில் ஆம்பைத் தணித்து வாசிப்பதே மரபு. தணித்தால் பெரிய வால்வுகளும் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் உழைக்காது, அந்த ஒலி வராது.

சிக்கல் இங்கே தொடங்குகிறது. வால்வு ஆம்பின் புகழுக்குக் காரணமான குணங்களில் பாதி உரத்த ஒலியில்தான் வெளிப்படுகின்றன. கடை என்பதோ உரக்க வாசிக்கக் கூடாத இடம். பத்தடி தள்ளி வேறொருவர் உகுலேலே விலை கேட்டுக்கொண்டிருப்பார், கல்லாவில் இருப்பவர் காலையிலிருந்து ஒரே மாதிரி வாசிப்பை முப்பது பேரிடம் கேட்டு முகம் சுளித்திருப்பார். 1992இல் வந்த ‘வெய்ன்ஸ் வேர்ல்ட்’ படத்தில் கடைச் சுவரில் ‘ஸ்டெயர்வே டு ஹெவன்’ வாசிக்கத் தடை என்று பலகை தொங்கும் காட்சியைப் பார்த்து உலகெங்கும் கடைச் சிப்பந்திகள் சிரித்ததில் வியப்பில்லை.

உரப்பு என்றால் எவ்வளவு? வாட் கணக்கைப் பார்த்து மிரளுபவர்களும் மயங்குபவர்களும் கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்ப்பதில்லை. நல்ல 12 அங்குல கிதார் ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 97இலிருந்து 100 டெசிபல் வரை ஒலிக்கும். ஒரு வாட்டுக்கு இவ்வளவு. 30 வாட் கொடுத்தால் இன்னும் 15 டெசிபல் கூடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த வரம்பின்படி 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால்மணி நேரம்தான். வாக்ஸ் ஏ.சி.30 என்ற 30 வாட் ஆம்பை முழுதாகத் திறந்து முன்னால் நிற்பவரின் காதுக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு பாட்டுக்கே போதாது.

இதே கணக்கின் மறுபக்கம் இன்னும் முக்கியம். வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. இருமடங்கு உரப்பாகக் காதுக்குப் படவேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆகவே 50 வாட் ஆம்பின் ‘பாதி’ 25 வாட் அல்ல, 5 வாட். வீட்டில் வாசிக்க 100 வாட் வேண்டாம், 50 போதும் என்று தன்னை அடக்கிக்கொண்டு வாங்குபவர் உண்மையில் எதையும் அடக்கவில்லை. 5 வாட் ஆம்பும் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் எல்லைமீறிய ஒலிதான்.

காதும் நேர்மையான அளவுகோல் இல்லை. பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட வளைகோடுகள் இதைக் காட்டின: தணிந்த ஒலியில் தாழ்சுரங்களும் உச்சசுரங்களும் காதுக்குக் குறைவாகவே எட்டும்; உரப்பு கூடக்கூட அவை நிரம்பி வரும். கடையில் தணித்து வாசித்தபோது மெலிந்து கேட்ட ஆம்ப், மேடையில் தாழ்சுரம் பெருகிக் குழம்பிப்போவது இதனால்தான். கடையிலேயே பாஸைக் கூட்டி வைத்து மகிழ்ந்தவர் மேடையில் அதைக் குறைக்க நேரும்.

இதைவிடக் குறும்பான விளைவு ஒன்றுண்டு. இரண்டு ஆம்புகளை அடுத்தடுத்து வாசித்துப் பார்க்கும்போது ஒன்று மற்றதைவிடச் சிறிது உரக்க இருந்தால், அதை உரப்பு என்று காது உணராது. தெளிவு, உயிர்ப்பு, ஆழம் என்று உணரும். ஒப்பிடுபவர் முதலில் செய்ய வேண்டியது இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவருவது. கைபேசியின் டெசிபல் செயலி துல்லியமற்றதானாலும், ஒரே இடத்தில் வைத்து இரண்டையும் ஒப்பிட அது போதும். வால்யூம் திருகியை இரண்டிலும் நான்கில் வைப்பது சமப்படுத்துவதாகாது. ஓர் ஆம்பின் நான்கு இன்னொன்றின் ஏழாக இருக்கலாம்.

கடைச் சோதனை ஓர் ஆம்பை மட்டுமல்ல, ஒரு நிறுவனத்தையே உண்டாக்கிய கதை கலிஃபோர்னியாவிலும் உண்டு. 1960களின் கடைசியில் மில் வேலி என்ற சிற்றூரில் ப்ரூன் மியூசிக் என்ற கடையில் ராண்டல் ஸ்மித் ஆம்ப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். கன்ட்ரி ஜோ அண்டு த ஃபிஷ் குழுவின் பேரி மெல்ட்டனுக்குச் சொந்தமான ஃபெண்டர் பிரின்ஸ்டன் ஒன்று அவர் கைக்கு வந்தது. பிரின்ஸ்டன் வீட்டில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளும் 10 அங்குல ஸ்பீக்கர் பெட்டி. ஸ்மித் விளையாட்டாக அதற்குள் பாஸ்மேனின் சுற்றையும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்களையும் திணித்து, பெட்டியை வெட்டி 12 அங்குல ஜே.பி.எல். ஸ்பீக்கரைப் பொருத்தினார். யாராவது வாசித்துப் பார்க்கட்டும் என்று கடையின் முன்பகுதிக்குக் கொண்டுவந்தபோது அங்கிருந்தவர் கார்லோஸ் சந்தானா. அவர் வாசித்த வாசிப்பில் நடைபாதையில் கூட்டம் சேர்ந்ததாகவும், இந்தச் சின்னப் பெட்டி ‘பூகி’ போடுகிறதே என்று அவர் வியந்ததாகவும், அதிலிருந்தே மீசா பூகி என்ற பெயர் வந்ததாகவும் அந்த நிறுவனம் சொல்லிவருகிறது. நிறுவனங்கள் தம் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதைகளில் மெருகு இருக்கும்தான். ஆனால் சிறிய பெட்டி என்று கண் சொன்னதைக் காது மறுத்த அதிர்ச்சிதான் அந்தக் கதையின் சாரம். அது நம்பக்கூடியதே.

கண்ணைப் பற்றிப் பேசும்போது ஒரு வயலின் ஆய்வைச் சொல்லாமல் விட முடியாது. கிளாடியா ஃப்ரிட்ஸும் அவருடைய குழுவினரும் 2010இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு தங்கும் விடுதி அறையில் 21 வயலின் கலைஞர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஆறு வயலின்களை வாசிக்கக் கொடுத்தார்கள். மூன்று புதியவை, இரண்டு ஸ்ட்ராடிவாரியஸ், ஒன்று குவார்னேரி. 2012இல் வெளியான முடிவின்படி அதிகம் விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். கடைசி இடத்தில் நின்றது ஒரு ஸ்ட்ராடிவாரியஸ். வாசித்தவர்களுடைய காது கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. எதை வாசிக்கிறோம் என்ற அறிவு கேட்பதற்குள் கலந்துவிடுகிறது என்பதே பொருள். கடையில் வால்வின் ஆரஞ்சு ஒளியைப் பார்த்துக்கொண்டே, ‘இதில் ஒரு கதகதப்பு இருக்கிறது’ என்று சொல்பவரிடம் திரும்பி நின்று வாசிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

வால்வுக்கும் டிரான்ஸிஸ்டருக்கும் உண்மையில் வேறுபாடு கேட்கிறதா என்ற விவாதத்தில் இரண்டு சான்றுகள் அடிக்கடி எடுக்கப்படுகின்றன. முதலாவது, ரஸல் ஹாம் 1973இல் ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரை. எல்லைமீறும்போது வால்வுகளிலும் டிரான்ஸிஸ்டர்களிலும் பிறக்கும் மேற்சுரங்களின் விகிதம் வேறு என்று அவர் காட்டினார். வால்வுப் பக்தர்கள் இதை வேதமாகக் கொண்டாடுகிறார்கள். ஆனால் ஹாம் சோதித்தவை ஒலிப்பதிவுக்கூட மைக்குகளுக்கான முன்பெருக்கிகள். கிதார் ஆம்பின் பெரிய வால்வுகளோ டிரான்ஸ்ஃபார்மரோ ஸ்பீக்கரோ அங்கே இல்லை. அவர் சொன்னது சரி. அதைக் கொண்டு இவர்கள் நிறுவுவது வேறொன்று.

இரண்டாவது சான்று எதிர்த்தரப்பினுடையது. பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர் 1985இல் ‘ஸ்டீரியோஃபைல்’ இதழோடு பந்தயம் கட்டி, தன் டிரான்ஸிஸ்டர் ஆம்பை விலையுயர்ந்த ஒரு வால்வு ஆம்ப் போலவே ஒலிக்கும்படி மாற்றிக் காட்டினார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிஞ்சும் ஒலி அற்பமாகும் வரை திருத்திக்கொண்டே போனார். கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. அதுவும் இசை கேட்பதற்கான ஆம்ப்தான், கிதார் ஆம்ப் அல்ல. என்றாலும் அவர் திருத்தியவற்றில் முக்கியமான ஒன்று கிதார்காரர்களுக்கு நேரடியாகப் பொருந்தும். ஸ்பீக்கரின் மின்தடை எல்லாச் சுரத்துக்கும் ஒன்றல்ல. தாழ்சுரத்தில் அதன் இயல்பதிர்வு உள்ள இடத்தில் எகிறும், பிறகு உச்சசுரம் நோக்கிப் போகப்போக ஏறும். வழக்கமான டிரான்ஸிஸ்டர் ஆம்ப் இந்த மேடுபள்ளத்தைக் கண்டுகொள்ளாமல் ஒரே அழுத்தத்தைத் தரும். எதிர்ப்பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிப் பிழையைத் திருத்தும் முறை) குறைவாக உள்ள வால்வு ஆம்ப், தடை எகிறும் இடங்களில் அழுத்தத்தையும் கூட்டித் தரும். தாழ்சுரம் உருண்டும் உச்சசுரம் மின்னியும் கேட்பதில் பெரும்பகுதி இதுதான். எதிர்ப்பின்னூட்டமே இல்லாத ஏ.சி.30இல் இது மிகத் தெளிவாகக் கேட்கும். வால்வின் மாயம் என்று சொல்லப்படுவதில் நல்ல பங்கு, ஆம்பும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பாதிப்பதுதான். டிரான்ஸிஸ்டரிலும் இதை வேண்டுமென்றே செய்ய முடியும். மறுபுறம், 1975இல் வந்த ரோலண்ட் ஜே.சி.120 வால்வாக நடிக்க முயலாத டிரான்ஸிஸ்டர் ஆம்ப்; தூய, பளிச்சென்ற ஒலிக்காக இன்றும் அதையே தேடி வாங்குகிறார்கள்.

டிஜிட்டல் தரப்பின் வாதம் ஆண்டுக்கு ஆண்டு வலுக்கிறது. லைன் 6 நிறுவனத்தின் சிவந்த சிறுநீரக வடிவப் பெட்டியான பாட் 1998இல் வந்தது. 2011இல் கெம்பர் நிறுவனம், உண்மையான ஆம்பைக் கேட்டு அதன் போக்கைப் படியெடுக்கும் கருவியைக் கொண்டுவந்தது. இப்போது நரம்பணு வலைப்பின்னல் முறையில் இதைச் செய்யும் இலவச மென்பொருளே இருக்கிறது. பதிவில் கேட்டால் எது வால்வு, எது படி என்று சொல்வது மிகமிகக் கடினம். ஆனால் கடையில் செய்யப்படும் ஒப்பீட்டில் ஒரு கோளாறு இருக்கிறது. டிஜிட்டல் கருவி பெரும்பாலும் தருவது, ஸ்பீக்கருக்கு முன் மைக் வைத்துப் பதிந்த ஒலியை. வால்வு காம்போ தருவது அறைக்குள் பரவும் ஒலியை. முன்னதைச் சமநிலை மானிட்டர் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, ‘ஆம்ப் போல் இல்லையே’ என்பது தவறான தீர்ப்பு. அதே கருவியை அதே கிதார் ஸ்பீக்கர் பெட்டியில் செருகிக் கேட்டால் இடைவெளி வெகுவாகச் சுருங்கும். கடைக்காரரிடம் இதைக் கேட்டுச் செய்துபார்க்கலாம், மறுக்கமாட்டார்.

அறையின் பங்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 12 அங்குல ஸ்பீக்கர் உச்சசுரங்களைக் குறுகிய கற்றையாக நேர் முன்னே வீசும். தரையில் வைத்த ஆம்பின் முன் நிற்பவருக்கு அது கணுக்காலில் படும், காதில் படாது. மந்தமாகக் கேட்கிறது என்று ட்ரெபிளைக் கூட்டுவார். கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். ஃபெண்டரின் பெரிய காம்போக்களில் சாய்த்து நிறுத்தும் கால்கள் வைத்தது இதற்காகத்தான். கடையில் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்தும், தள்ளி நின்றும், ஓரமாக நகர்ந்தும் கேட்க வேண்டும். சொந்தக் கிதாரைக் கொண்டுபோவது இன்னும் முக்கியம். பழகாத கிதாரும் பழகாத ஆம்பும் சேர்ந்தால் எது எதைச் செய்கிறது என்று தெரியாது.

இத்தனையும் கழித்த பிறகு கடையில் மிஞ்சுவது கைப்பழக்கம். இதில்தான் அரைமணி நேரம் அருமையாகச் செலவாகும். ஆம்பை ஒலி உடையத் தொடங்கும் விளிம்பில் வைத்துவிட்டு, கிதாரின் வால்யூமைப் பத்திலிருந்து ஐந்துக்குக் குறைத்துப் பாருங்கள். நல்ல ஆம்பில் ஒலி தெளிந்து வரும், உயிர் போகாது. மோசமானதில் போர்வைக்குள் போனதுபோல் மூடிக்கொள்ளும். பிக்கை மெல்ல வருடியும் பலமாக அடித்தும் பாருங்கள்: உரப்பு மட்டும் மாறுகிறதா, நிறமும் மாறுகிறதா? நிறமும் மாறினால் அது கையைக் கேட்கும் ஆம்ப். ஒரே கார்டை அடித்து நீளவிட்டு, அது அணையும் வாலைக் கவனியுங்கள். வால் பொரிந்தும் அறுந்தும் அணைந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். இவற்றில் பலவும் முன்வரிசை வால்வுகளின் வேலை. ஓரளவு தணித்த ஒலியிலும் தெரியும். 1975இல் மார்ஷல் 2203 கொண்டுவந்த மாஸ்டர் வால்யூம் இதற்கென்றே வந்தது: முன்னால் தள்ளு, பின்னால் அடக்கு. பின்னாலுள்ள பெரிய வால்வுகளின் சிதைவை அது தராது. பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர், ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் நின்று சக்தியை வெப்பமாக விழுங்கும் பவர் சோக்கைச் செய்து விற்றார். கடையில் அப்படிப்பட்ட சாதனம் இருந்தால் சோதனையின் மதிப்பு ஒருபடி கூடும். ஸ்பீக்கரும் காதும் தணிந்த ஒலியில்தான் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

திருகிகளை எல்லாம் நடுவில் வைத்துத் தொடங்குவது பலரின் வழக்கம். நடு என்றால் நடுநிலை என்ற எண்ணம். ஃபெண்டர், மார்ஷல் வகைச் சுற்றுகளில் அப்படி இல்லை. திருகி நடுவில் இருக்கும்போதே நடுச்சுரங்கள் பள்ளமாகத்தான் இருக்கும். மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும். பல ஃபெண்டர்களில் மூன்றையும் பூஜ்யத்தில் வைத்தால் ஒலியே ஏறக்குறைய நின்றுவிடும். எனவே திருகியின் எண்ணைப் பார்க்காமல் ஒவ்வொன்றையும் கோடியிலிருந்து கோடி வரை ஓட்டிப் பார்த்து, பயன்படக்கூடிய பரப்பு எவ்வளவு என்று அறிவதே நல்லது.

பழைய ஆம்பானால் காது மட்டும் போதாது. வால்வுகள் நன்றாகச் சூடேறும்வரை, இருபது நிமிடமாவது, ஓட விடுங்கள். சூடேறிய பிறகு தலைகாட்டும் கோளாறுகள் உண்டு. கிதாரைச் செருகாமல் வால்யூமைக் கூட்டி இரைச்சலைக் கேளுங்கள். நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால், ஓய்ந்துபோன ஃபில்டர் கெபாசிட்டர்கள் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் முனகலாகக் காட்டிக்கொடுக்கும். திருகியைத் திருப்பும்போது கரகரத்தால் அது தூசு. சுத்தம் செய்தால் தீரும், அதற்காகப் பயந்து விலக வேண்டாம். சிறிய வால்வைப் பென்சிலால் மெல்லத் தட்டினால் ஸ்பீக்கரில் மணியோசை கேட்டால் அந்த வால்வு மைக்காக மாறிவிட்டது, மாற்ற வேண்டும். பெரிய வால்வுகளின் உள்தகடு சிவந்து கனன்றால் உடனே அணைத்துவிடச் சொல்லுங்கள். இழையின் ஆரஞ்சு ஒளி வேறு, தகட்டின் சிவப்பு வேறு. பின்பக்கத்தைக் கழற்றி உள்ளே கைவிடுவது மட்டும் வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும், மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் தங்கியிருக்கும். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வால்வு ஆம்பை வாசிக்கவும் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்பானால் பின்புறம் 120 வோல்ட் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் சோதனை அத்தோடு முடிந்தது.

வால்வின் பிராண்டை வைத்து நடக்கும் சண்டைகளில் எனக்கு ஆர்வமில்லை. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஃபிலிப்ஸ் உதவியோடு 1961இலிருந்து ரேடியோ வால்வுகள் செய்தது. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் முல்லார்டு பெரும் ஆலையே நடத்தியது. இன்று கிதார் ஆம்புக்கான வால்வுகள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியாவின் சாட்சா, ரஷ்யாவின் சரட்டோவ், சீனா ஆகிய இடங்களிலிருந்து வருகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை விதித்ததும் சரட்டோவ் ஆலையின் உரிமையாளரான மைக் மேத்யூஸ் அதை அறிவிக்க, கடைகளில் வால்வு இருப்பு கரைந்து விலை ஏறியது. கடையில் நீங்கள் கேட்கும் வால்வுகள் சில ஆண்டுகளில் தேய்ந்து, வேறு ஆலையின் வால்வுகள் அந்த இடத்துக்கு வரும். நிலைத்திருப்பவை சுற்றும் டிரான்ஸ்ஃபார்மரும் பெட்டியும்தான். ஒலி பிடிக்கவில்லை என்றால் வால்வை மாற்றுவதைவிட ஸ்பீக்கரை மாற்றுவது பன்மடங்கு வேறுபாட்டைத் தரும். பெட்டிக்குள் எந்த ஸ்பீக்கர் என்று கேட்பவர்களைவிட எந்த ஊர் வால்வு என்று கேட்பவர்கள் அதிகம் என்பது இந்த வியாபாரத்தின் விசித்திரம்.

வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பதே சரி என்னும் தரப்பின் கை இப்போது ஓங்கியிருக்கிறது. ஜெர்மனியின் ட்ரெப்பெண்டார்ஃப் என்ற சிற்றூரிலிருந்து ஐரோப்பா முழுவதற்கும் விற்கும் தோமான், பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்கிறது. நியூயார்க்கின் 48ஆம் தெருவில் 1935இலிருந்து நடந்துவந்த, ஹெண்டிரிக்ஸ் கிதார் வாங்கிய மேனிஸ் கடை 2009இல் மூடப்பட்டது. கிதார் சென்டர் என்ற அமெரிக்கக் கடைச் சங்கிலி 2020இல் திவால் பாதுகாப்புக் கோரியது. கடையில் மணிக்கணக்கில் வாசித்துப் பார்த்துவிட்டு இணையத்தில் ஆயிரம் ரூபாய் குறைவாக வாங்குபவர்களுக்கும் இதில் பங்குண்டு என்று தோன்றுகிறது. வீட்டுச் சோதனையில் சொந்தக் கிதார், சொந்த அறை, நாள்கணக்கில் நேரம் எல்லாம் கிடைக்கும். ஆனால் வீடும் தணித்து வாசிக்கும் இடம்தான். உரப்பின் சிக்கல் கடையிலிருந்து கூடத்துக்கு இடம் மாறுகிறது, தீரவில்லை. டிரம்ஸ் வாசிப்பவர் பக்கத்தில் இருக்கும் ஒத்திகைக் கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, அங்கே இருக்கும் ஆம்பை உண்மையான உரப்பில் வாசித்துப் பார்ப்பதே மூன்றிலும் நேர்மையான சோதனை. அதே மாடல் அங்கே இருக்க வேண்டுமே என்பதுதான் தொல்லை.

நிறுவனங்களும் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டுவிட்டன. மார்ஷல் 2019இல் கொண்டுவந்த ஸ்டூடியோ வரிசையில் பழைய 100 வாட் ஆம்புகளின் சுற்றையே 20 வாட்டுக்குச் சுருக்கி, 5 வாட்டாகக் குறைக்கும் சுவிட்சையும் வைத்தது. அதே ஆண்டு ஃபெண்டர் டோன்மாஸ்டர் ட்வின் என்ற ஆம்பை வெளியிட்டது. பார்வைக்கு அசல் ட்வின் ரிவெர்ப். உள்ளே வால்வே இல்லை, எல்லாம் டிஜிட்டல், சக்தியைப் படிப்படியாகக் குறைக்கும் திருகி பின்புறம் உண்டு. வால்வு ட்வின் 29 கிலோ, இது 15 கிலோ. இரண்டும் சில கடைகளில் அருகருகே நிற்கின்றன. இரண்டையும் ஒரே உரப்பில் வைத்து, திரும்பி நின்று வாசித்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் கடை வாசல்வரை தூக்கிக்கொண்டு போய்வருபவர் விலைச்சீட்டைப் பார்க்கலாம்.